செத்த பன்றிக்கு நஷ்டஈடு கிடையாது

கேள்வி இது: "சேலம் மாவட்டம் குப்பனூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. முப்பது நாற்பது வெண்பன்றி வைத்துப் பண்ணை ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் மாமா, ஒரு பன்றிக்குக் காய்ச்சல் வந்தால் கவர்மென்ட்காரன் வந்து மொத்தத்தையும் கொன்று குழியில் போட்டுவிடுவான், உனக்கு எதுக்கு இந்த வேலை என்கிறார். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? இந்த விதிகள் எல்லாம் நமக்குப் பாதுகாப்பா, தொல்லையா?"

தம்பி, உங்கள் மாமா சொன்னதில் பாதி சரி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஆய்வகம் உறுதி செய்துவிட்டால் கொல்லத்தான் செய்வார்கள், நன்றாகத் தின்று உருண்டுகொண்டிருக்கும் பன்றியையும் சேர்த்துத்தான். அவர் சொல்லாமல் விட்ட பாதி என்னவென்றால், அரசாங்கம் கொன்ற பன்றிக்குப் பணம் உண்டு, நோயில் தானாகச் செத்த பன்றிக்கு ஒரு பைசா கிடையாது. இது மண்டையில் ஏறிவிட்டால் மற்ற விதிகள் எதற்கு இருக்கின்றன என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். நோயை முதல் நாளே வெளியில் சொல்ல வேண்டும் என்ற சின்ன விஷயம் எனக்கு விளங்க 38 பன்றி சாக வேண்டியிருந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் இதனால் வருகிற நஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. தமிழில் 'பன்றிக் காய்ச்சல்' என்ற ஒரே பெயரை மூன்று நோய்க்கு வைத்திருக்கிறோம். 2009-இல் உலகம் முழுக்கப் பரவி நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தோமே, அது எச்1என்1 ஃப்ளூ. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவது, பன்றிக்கறி தின்பதால் வருவதில்லை. இரண்டாவது, பன்றிகளுக்கு மட்டும் வருகிற பழைய பன்றிக் காய்ச்சல், நம் நாட்டில் பல காலமாக இருப்பது, தடுப்பூசியும் இருக்கிறது. மூன்றாவதுதான் ஆப்பிரிக்கக் காய்ச்சல். 1921-இல் கென்யாவிலிருந்து முதன்முதலில் எழுதப்பட்ட நோய், இந்தியாவில் 2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் தலைகாட்டியது, 2022 ஜூலையில் வயநாடு, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் என்று நம் வாசல்படிக்கே வந்துவிட்டது. இதற்கு நம் நாட்டில் அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை. கடைசி இரண்டும் மனிதருக்கு ஒட்டவே ஒட்டாது. ஆனால் எங்கோ ஒரு ஊரில் நாலு பேருக்கு ஃப்ளூ என்று டிவியில் வந்தால் அந்த வாரம் சேலத்தில் கறிக்கடைக்காரன் ஈ ஓட்டுகிறான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2009-இல் மத்திய அரசு கொண்டுவந்த விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அடிப்படை. அதன் அட்டவணையில் ஆப்பிரிக்கக் காய்ச்சல், பழைய பன்றிக் காய்ச்சல், கோமாரி, நிபா என்று பன்றி சம்பந்தப்பட்டவை பல இருக்கின்றன. நான்காவது பிரிவு சொல்வது சுலபமானது: இந்த நோய்களில் ஒன்று தன் கால்நடைக்கு வந்திருக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் இருந்தாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ பஞ்சாயத்திலோ சொல்லிவிட வேண்டும், அவர்கள் கால்நடை மருத்துவருக்கு எழுத்தில் தெரிவிப்பார்கள். நடைமுறையில் நாம் நேராக டாக்டருக்கே போன் போட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் கால்நடை உதவி எண் 1962-க்கு. இதில் கவனிக்க வேண்டியது, உறுதியாகும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். அடுத்த பிரிவு, நோய்ப்பட்டதைத் தனியே பிரித்துக் கட்டு, மேய்ச்சலுக்கும் பொதுத் தண்ணீருக்கும் விடாதே என்கிறது.

சொல்லாமல் மறைத்தால் தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவை அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் அபராதம். ஒரு மூட்டைத் தீவனம்கூட அந்தக் காசுக்கு வராது. சட்டத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. போலீஸ்காரர் மாதிரி மிரட்டி வேலை வாங்குகிற சட்டம் இது இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கும். முழுக்க முழுக்க விவசாயி போடுகிற முதல் போனை நம்பித்தான் இது நிற்கிறது, அந்தப் போனைப் போட வைப்பதற்கு இருக்கிற ஒரே உருப்படியான ஆயுதம் நஷ்டஈடு.

ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்காக அழிக்கப்படும் பன்றிக்கு எடைவாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. 15 கிலோ வரை உள்ள குட்டிக்கு 2,200 ரூபாய், 15 முதல் 40 கிலோ வரை 5,800, 40 முதல் 70 வரை 8,400, 70 முதல் 100 வரை 12,000, நூறு கிலோவுக்கு மேல் 15,000. அழிக்கப்படும் தீவனத்துக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். வயநாட்டில் 2022-இல் இந்தக் கணக்குப்படிதான் கொடுத்தார்கள். விலை ஏறியிருக்கும் சமயத்தில் இது சந்தை விலைக்கு ஈடாகாது, தாய்ப்பன்றி வைத்திருப்பவருக்கு இன்னும் அடி, அடுத்து வரவேண்டிய குட்டிகளுக்கெல்லாம் கணக்கே இல்லை. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 80, 90 கிலோவில் 30 பன்றி நிற்கிறது. மூன்று செத்ததும் போன் போடுகிறீர்கள், மீதி 27-ஐ அழிக்கிறார்கள் என்றால் 3,24,000 ரூபாய். "பார்ப்போம், பார்ப்போம்" என்று ஊசி போட்டு ஒன்பது பத்து நாள் ஓட்டிவிட்டு, 25 செத்த பிறகு சொன்னால் மிஞ்சியது ஐந்து, 60,000 ரூபாய். இடையில் இருக்கிற 2,64,000 ரூபாய் அந்தப் பத்து நாள் வாய்மூடி இருந்ததற்கான விலை. இந்த நோயில் சாவு கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு என்பதால் காத்திருந்து பார்ப்பதில் எந்தச் சூதாட்ட லாபமும் இல்லை.

என் கதை இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அயோத்தியாப்பட்டணம் தாண்டி என் கொட்டகையில் 46 உருப்படி. அதில் 12 குட்டி புதுசு, ஒரு வியாபாரி குட்டிக்கு 300 ரூபாய் குறைத்துக் கொடுத்தார் என்று வாங்கி, ஒரு நாள்கூடத் தனியாக வைக்காமல் நேரே மற்றதோடு அடைத்தேன். ஒன்பதாம் நாள் இரண்டு குட்டி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டு எழவில்லை. காதும் அடிவயிறும் முதலில் சிவந்து அப்புறம் நீலம் பாய்ந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் பிரிட்ஜில் மிச்சம் கிடந்த ஆன்டிபயாட்டிக். வீட்டுக்காரி டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிடவில்லை, ஏனென்றால் அடுத்த வாரம் கேரளாவுக்கு லோடு ஏற்ற லாரி பேசியிருந்தேன், நோய் என்று பேச்சு அடிபட்டால் லாரி வராது. அதைவிட மோசமானது, பார்வைக்கு நன்றாக இருந்த நாலு பன்றியை உள்ளூரிலேயே அவசரமாகத் தள்ளிவிட்டேன். ஐந்தாறு நாள் கழித்து டாக்டர் வந்தபோது தினம் மூன்று நான்கு விழுந்துகொண்டிருந்தன. பழைய பன்றிக் காய்ச்சல்தான், தடுப்பூசி உள்ள நோய். முதல் குட்டி படுத்த அன்றே சொல்லியிருந்தால் மற்றதுக்கெல்லாம் ஊசி போட்டுப் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். மிஞ்சியது நாலு. நான் விற்ற பன்றி போன இடத்திலும், பக்கத்துத் தெருவில் இரண்டு கொட்டகையிலும் அதே மாதம் சாவு விழுந்தது. என்னால்தான் என்று யாரும் நிரூபிக்க முடியாது, எனக்குத் தெரியும். அந்தத் தெரு வழியாகப் போகிறபோது இன்றைக்கும் கொஞ்சம் வேகமாகத்தான் போவேன்.

நான் செய்ததையே ஒரு தேசம் முழுக்கச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா சாட்சி. 2018 ஆகஸ்டில் அங்கே முதல் நோய் உறுதியானது. தொடக்கத்தில் நஷ்டஈடு ஒரு பன்றிக்கு 800 யுவான், அப்புறம் 1,200 ஆக்கினார்கள், ஆனால் பல இடங்களில் அது கைக்கு வருமா என்ற நம்பிக்கை இல்லாமல் நோய் வாடை வந்ததுமே விவசாயிகள் அவசரமாக விற்றுத் தள்ளினார்கள், லாரியோடு நோயும் போனது. அடுத்த வருஷம் அந்த நாட்டுப் பன்றிக்கறி உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. இன்னொரு பக்கம் ஸ்பெயின். 1960-இலிருந்து இந்த நோயோடு மாரடித்தவர்கள், 1985-இல் கிராமம் கிராமமாக ரத்தப் பரிசோதனை, ஒழுங்கான நஷ்டஈடு, பண்ணையாளர் குழுக்களுக்குக் கால்நடை மருத்துவர் என்று திட்டம் போட்டு, பத்தே வருஷத்தில், 1995-இல் ஒழித்தார்கள். தடுப்பூசி இல்லாமல்.

போன் போட்ட பிறகு என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் மாமாவின் பயம், அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் வந்து ரத்தம் எடுப்பார், செத்த பன்றியிலிருந்து மண்ணீரல், நிணநீர்க் கட்டி மாதிரி எடுப்பார். நீங்களாகப் பன்றியை அறுத்துப் பார்க்கவே கூடாது, இந்தக் கிருமி ரத்தத்தில்தான் கொட்டிக் கிடக்கிறது, அறுத்த இடம் முழுக்கப் பண்ணைக்கு விஷம். கண்ணால் பார்த்துப் பழைய காய்ச்சலா ஆப்பிரிக்காவா என்று யாராலும் சொல்ல முடியாது, டாக்டராலும் முடியாது. மாதிரி ஆய்வகத்துக்குப் போகும், ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்றால் கடைசி வார்த்தை பெரும்பாலும் போபாலில் இருக்கிற தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனத்துடையது. அந்த நாள்களில் உங்கள் பண்ணையிலிருந்து பன்றி, கறி, தீவனம், சாணம் எதுவும் வெளியே போகக்கூடாது.

உறுதியாகிவிட்டால் மத்திய அரசின் 2020 செயல்திட்டப்படி இரண்டு வட்டம் போடுவார்கள். உங்கள் கொட்டகையை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டர் நோய்ப்பகுதி, பத்துக் கிலோமீட்டர் கண்காணிப்புப் பகுதி. உள்வட்டத்தில் இருக்கிற பன்றிகளைப் பொதுவாக அழித்துவிடுவார்கள், வெளிவட்டத்தில் பன்றியும் கறியும் நகராது, கடைகளும் மூடலாம். குப்பனூரை நடுவில் வைத்துப் பத்துக் கிலோமீட்டர் என்றால் கொண்டை ஊசி வளைவெல்லாம் கணக்கில் வராது, வானத்தில் நேராக அளப்பார்கள், ஏற்காடு மலையில் பாதி அதற்குள் வந்துவிடும். அதனால்தான் மலைமேல் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பன்றி வளர்க்கிற தொழிலாளிக்கும் உங்கள் ஒழுக்கத்தில் பங்கு இருக்கிறது, அவருடைய ஒழுக்கத்தில் உங்களுக்கும்.

நல்ல பன்றியை ஏன் கொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்விதான். நோய் ஒட்டியதிலிருந்து வெளியில் தெரிய ரெண்டு மூன்று வாரம்கூட ஆகலாம், இன்று ஓடியாடுவது நாளைக்கு விழும். கிருமியும் லேசில் சாகிற ஜாதி இல்லை. குளிர்ந்த இடத்தில் வைத்த ரத்தத்தில் 18 மாதம் உயிரோடு இருந்திருக்கிறது, உறைந்த கறியில் வருஷக்கணக்கில். வியட்நாம் தடுப்பூசிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது, ஆனால் அவை வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி, அவற்றின் பாதுகாப்பைப் பற்றி உலக அளவில் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. யாராவது தரகர் "ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது, ரகசியமாக வாங்கித் தருகிறேன்" என்று வந்தால் கேட்டைச் சாத்துங்கள்.

இனி நோய் வராமல் இருப்பதற்கு. இதில் நான் அதிகம் பேசப்போவது எச்சில் சோறு பற்றி. சேலத்தில் சின்னப் பண்ணை ஓடுவதே கல்யாண மண்டபத்து மிச்சத்திலும் ஓட்டல் வாளியிலும்தான், மூடி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முகூர்த்த மாதத்தில் டிரம் டிரம்மாக வரும், தீவனச் செலவு பாதியாகக் குறையும். அந்த டிரம்மில் சாம்பாரோடு பன்றிக்கறித் துண்டும் இருந்தால் கதை முடிந்தது. ஆப்பிரிக்காவை விட்டு இந்த நோய் கிளம்பிய வழியே இதுதான். 2007-இல் ஜார்ஜியா நாட்டின் போட்டி துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறக்கிய சாப்பாட்டுக் கழிவைப் பன்றி தின்றதிலிருந்துதான் ஐரோப்பா, ரஷ்யா, சீனா வரைக்கும் இப்போதைய அலை கிளம்பியது என்று கருதுகிறார்கள். இங்கிலாந்தில் 2001-இல் கோமாரி புகுந்து லட்சக்கணக்கில் மாடும் ஆடும் அழிந்ததே, அதன் தொடக்கமும் சரியாக வேகவைக்காத ஓட்டல் கழிவு போட்ட ஒரு பன்றிப் பண்ணை. அந்த வருஷமே அவர்கள் எச்சில் தீவனத்தை முழுசாகத் தடை செய்துவிட்டார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரு முழுத்தடை நடைமுறைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. தடை போட்டால் டிரம் ராத்திரியில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். வேகவைக்க வைப்பதுதான் வழி. உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்கிற அளவு, 90 டிகிரியில் ஒரு மணி நேரம், விடாமல் கிளறிக்கொண்டே. மேலே ஒரு கொதி வந்ததும் இறக்குவது வேகவைத்தல் ஆகாது, டிரம்முக்கு நடுவில் இருக்கிற எலும்புக்கு அந்தச் சூடு போவதே இல்லை. நான் என்ன செய்கிறேன் என்றால், காபி எஸ்டேட்டில் கவாத்துப் பண்ணுகிற சில்வர் ஓக் கிளை விறகு மலிவாகக் கிடைக்கிறது, வாய் அகன்ற அண்டாவில் பாதி அளவே ஊற்றி, துடுப்பு போட்டுக் கிளற ஓர் ஆள். பச்சை டிரம் இறங்குகிற இடமும் வெந்தது போகிற இடமும் வேறு வேறு, வாளியும் வேறு வேறு. அசைவ ஓட்டல் கழிவை நான் எடுப்பதே இல்லை, சைவ மெஸ், மண்டபம் மட்டும்.

எச்சிலை நம்பாமல் ஓட்ட நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, திப்பி. ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளியை அரைத்து மாவெடுத்த பின் மிஞ்சுகிற சக்கை. ஆத்தூர், வாழப்பாடி பக்கமெல்லாம் காயப்போட்டிருப்பார்கள். மாவுச்சத்து நிறைய, புரதம் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே புண்ணாக்கோ சோயாவோ சேர்க்காமல் திப்பியை மட்டும் போட்டால் பன்றி வயிறு பெருத்து எடை ஏறாமல் நிற்கும். பூஞ்சை பிடித்ததை வாங்காதீர்கள், பச்சை மரவள்ளித் தோலை அப்படியே போடாதீர்கள், அதில் சயனைடு உண்டு. தீவனக் கலவை அளவை சேலத்தில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டி வாங்குவது. லாரியில் பன்றி ஏற்ற வேண்டுமானால், தொற்றுநோய் இல்லை, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்று வேண்டும் என்று விலங்குப் போக்குவரத்து விதி சொல்கிறது. அந்தக் காகிதத்தை வாங்கிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், பன்றியின் நிழலைக்கூடப் பார்க்காமல் கையெழுத்தான சான்றை என் கையில் வாங்கியிருக்கிறேன். காகிதத்தைவிடப் பெரிய காவல் தனிக்கொட்டகை. புதுசாக வந்த எதுவும் முப்பது நாள் தனியே, தனி வாளி, தனி செருப்பு, வேலை செய்கிற ஆள் பழைய பன்றிகளை முடித்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே போக வேண்டும். எனக்கு அன்று 12 குட்டியில் மிச்சம் பிடித்த 3,600 ரூபாய்க்கு ஒரு மூலையில் நாலு தகரம் அடித்திருக்கலாம்.

தடுப்பூசி சுருக்கமாக: குட்டிக்கு இரண்டு மாதம் ஆனதும் பழைய பன்றிக் காய்ச்சலுக்கு, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பன்றியும் உண்டு. முகாம் வரும்போது மாட்டுக்கு மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். ஊசி மருந்து ஐஸில் வருகிறதா என்று பாருங்கள்.

மலையடிவாரம் என்பதால் காட்டுப்பன்றி. சேர்வராயன் மலையில் அதற்குக் குறைவே இல்லை, இரவில் மரவள்ளித் தோட்டத்துக்கு இறங்கும். முதுமலையில் நடந்தது இங்கே நடக்காது என்று சொல்ல முடியாது. கொட்டகையைச் சுற்றி அடியில் கல் பதித்த கம்பிவேலி, அதற்கு உள்ளே ஒரு ஆள் அகலம் விட்டு இன்னொரு சுவர், மூக்கோடு மூக்கு ஒட்டவே கூடாது. 2025 தொடக்கத்தில் அரசு ஒரு முடிவெடுத்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று. வனத்துறையினர்தான், நீங்களும் நானும் இல்லை. உங்கள் வேலையாள் யாராவது வெடியில் சிக்கிய காட்டுப்பன்றிக் கறியைச் சமைத்துத் தின்றுவிட்டு அதே கையோடு, அதே துணியோடு கொட்டகைக்கு வந்தால் சட்டமும் போச்சு, பண்ணையும் போச்சு. காட்டில் ஒன்றுக்கு மேல் செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வௌவாலை யாரும் நினைப்பதில்லை. மலேசியாவில் 1998, 99-இல் நிபா வந்தது பன்றிப் பண்ணைகளில்தான், கொட்டில் ஓரம் நட்ட மாமரத்தில் பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்று, பன்றியிடமிருந்து ஆளுக்கு ஒட்டி 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றி அழித்தார்கள். முதலில் அதை மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்துக்கொண்டு மாதக்கணக்கைத் தொலைத்தார்கள் என்பது தனிச் சோகம். கேரளாவில் வந்த நிபா பன்றி வழியாக வந்ததில்லை. ஆனாலும் குப்பனூரில் மாவும் பலாவும் சப்போட்டாவும் இல்லாத தோட்டம் ஏது? நிழலுக்காகக் கொட்டகை மேல் பழமரம் சாய்ந்திருக்க விடாதீர்கள், வேம்பு வையுங்கள்.

அந்த மூளைக்காய்ச்சலும் நமக்கு அந்நியமில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் கண்டது 1955-இல், இதோ வேலூர்ப் பக்கம்தான். சினைப்பன்றிக்குக் குட்டி கலைவதைத் தவிர, பன்றிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் பன்றி உடம்பில் கிருமி பெருகி, வயல் தண்ணீரில் வளர்கிற கொசு வழியாகக் குழந்தைகளுக்குப் போகும். பஞ்சாயத்து உரிமம் கேட்கும்போது வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம், கழிவு எங்கே போகிறது என்று குடைவதற்கு இதுவும் காரணம். நாற்றத்துக்காக மட்டும் கேட்கிறார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நிலம் ஏற்காடு வட்டத்துக்குள் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், மலைப்பகுதியில் கட்டடம் என்றால் தனி அனுமதி வேண்டும்.

தொல்லையா என்று கேட்டீர்களே, எனக்கும் குறை உண்டு. நஷ்டஈட்டில் மத்திய அரசு பாதி, மாநிலம் பாதி என்பதால் இரண்டு கஜானாவைத் தாண்டித்தான் பணம் வரவேண்டும், அதுவரை வங்கிக் கடனுக்கு வட்டி நிற்காது. பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் விற்க முடியாமல் மாதக்கணக்கில் தீனி போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு எந்தப் பட்டியலிலும் ஒரு ரூபாய் இல்லை, அவன் பன்றிக்கு நோயும் இல்லை. இது அநியாயம், அப்படிப்பட்டவன்தான் ராத்திரியில் லோடு ஏற்றுவான். அப்புறம் திருமணிமுத்தாற்று ஓரமாகக் கேட்பாரற்றுத் திரிகிற பன்றிகள். மாநகராட்சி அவ்வப்போது பிடிக்கும், பத்து நாளில் மறுபடி வந்துவிடும், சாகிறதைக் கணக்கெடுக்க ஆளில்லை. இத்தாலியின் சார்டினியா தீவில் 1978-இல் வந்த ஆப்பிரிக்கக் காய்ச்சல் நாற்பது வருஷத்துக்கு மேல் போகாமல் இருந்ததற்கு இப்படித் திரியவிட்ட பன்றிகள்தான் பெரிய காரணம், அவற்றை ஒழித்த பிறகே 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாட்டை நீக்கியது. என் வேலிக்கு ஆயிரம் விதி, ஆற்றோரத்துக்கு ஒன்றுமில்லை என்றால் கோபம் வராதா?

ஒருவேளை அழித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆழமாகக் குழி, சுண்ணாம்பு, கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி. கொட்டகையை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், சாணம் ஒட்டியிருக்கிற தரையில் எந்த மருந்தும் வேலை செய்யாது, அப்புறம்தான் காஸ்டிக் சோடாவோ பிளீச்சிங் கரைசலோ. பல வாரம் காலியாகப் போட்டு, முதலில் இரண்டு மூன்று பன்றியை மட்டும் விட்டு, ரத்தம் பார்த்துச் சுத்தம் என்று டாக்டர் சொன்ன பிறகு மற்றது. ஆற்றிலோ ஓடையிலோ செத்ததைத் தூக்கிப் போட்டால் அதற்குத் தனி அபராதம் உண்டு.

உங்கள் முப்பது நாற்பதுக்கு இதெல்லாம் தாங்குமா என்றால் தாங்கும். வேலி, தனிக்கொட்டகை, வாசலில் கால் நனைக்கிற தொட்டி, வேலையாளுக்கு இரண்டு ஜோடி கம்பூட்ஸ், வேகவைக்கிற அண்டா, இவ்வளவுதான் கூடுதல் செலவு. முதல் வருஷம் பத்துப் பன்றியோடு ஆரம்பியுங்கள். குட்டி வாங்குவதற்கு முன்னாலேயே உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரைப் போய்ப் பார்த்து, நம்பரைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். வேலையாளுக்கும் சொல்லி வையுங்கள், நீங்கள் ஊரில் இல்லாதபோது இரண்டு பன்றி சேர்ந்தாற்போல் தீனி எடுக்கவில்லை என்றால் உங்களைக் கேட்காமலே அவர் கூப்பிடலாம் என்று.

மாமாவையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் என் பண்ணைக்கு வாருங்கள், அண்டாவையும் தனிக்கொட்டகையையும் காட்டுகிறேன். அன்றைக்கு வேறு எந்தப் பன்றிக் கொட்டகைக்குள்ளும் போய்விட்டு வராதீர்கள், போயிருந்தால் இரண்டு நாள் கழித்துக் குளித்து வேறு துணி, வேறு செருப்போடு வாருங்கள். வண்டியை ரோட்டு ஓரப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும், கேட்டுக்குள் விட மாட்டேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.